ஆற்றோடு போவது எங்கே போகிறது?

பாபநாசம் என்று அந்தத் தலத்துக்குப் பெயர் சூட்டிய மகான் யாராயிருந்தாலும், அவர் பாலியெஸ்டர் துணியைக் கண்டவர் அல்லர் என்பது நிச்சயம். கண்டிருந்தால், "இங்கே பாபம் நாசமாகும், துணி நாசமாகாது" என்று படித்துறையில் ஒரு கல்லும் நாட்டிவிட்டுப் போயிருப்பார்.

சென்ற வருஷத்து ஆடி அமாவாசையன்று இந்த உண்மையை நாம் நமது வலது காலினால் அறிந்துகொண்டோம். தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்வதற்காக, கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நம் மூத்த அக்காளுடனும் வீட்டாருடனும் விடியற்காலையிலேயே பாபநாசம் போய்ச் சேர்ந்திருந்தோம். பொதிகை மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் கால் வைக்கும் இடத்தில் தாமிரபருணியைப் பார்ப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கோயில் படித்துறையில் ஆளைக் கண்டு அஞ்சாத பெரிய பெரிய மீன்கள். அவற்றுக்குப் பொரி போடும் குழந்தைகள். ஈர வஸ்திரமும் விபூதியுமாக ஜனக் கூட்டம். மூன்றாவது முழுக்குப் போடும் சமயத்தில் ஏதோ ஒன்று நமது கணுக்காலைச் சுற்றிப் பிடித்து இழுத்தது. முதலை என்றே எண்ணிவிட்டோம். அலறினோம் என்று எழுதினால் நமக்குக் கௌரவக் குறைவு. அலறவில்லை என்று எழுதலாமென்றால், நம் வீட்டார் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கையை விட்டுத் தடவிப் பார்த்ததில் அது ஒரு புடவை என்று தெரிந்தது. இழுத்தோம். அதனுடன் ஒரு வேஷ்டியும், வேஷ்டியின் பின்னால் ஒரு சட்டையும், சங்கிலி கோத்தாற்போல் வந்துகொண்டேயிருந்தன.

பித்ரு காரியம் செய்தவர்களும், பரிகாரத்துக்காக ஸ்நானம் செய்ய வந்தவர்களும் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் கரையேறவேண்டும் என்பது அங்கே வேரூன்றிப்போன வழக்கம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை மிகவும் சௌகரியமானது என்று இப்போது தோன்றுகிறது. நேயர்கள் நம்மைப் பெரிய சீர்திருத்தக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். முந்திய வருஷங்களில் நாமும் திரும்பிப் பாராமல் கரையேறியவர்தான். எத்தனை வேஷ்டிகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஆற்றுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்குத்தான் முதன் முதலாகத் திரும்பிப் பார்த்தோம். சற்றுத் தள்ளித் துப்புரவுத் தொழிலாளர் இரண்டு பேர் இடுப்பளவு ஜலத்தில் நின்று, கொக்கி மாட்டிய கம்பினால் துணிகளை இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். குவியல் ஓர் ஆள் உயரம் இருந்தது. "தினமும் இவ்வளவு வருமா?" என்று கேட்டோம். "தினமுந்தான் வருது ஐயா. அமாவாசைன்னா லாரிதான்" என்றார் ஒருவர். அவர் சொன்ன குரலில் கோபம் இல்லை. அதுதான் நமக்கு அதிகமாக உறைத்தது. நம் தகப்பனாருக்கு நாம் செய்த புண்ணியத்தை இன்னொரு தகப்பனாரின் பிள்ளை கம்பு போட்டு அள்ளிக்கொண்டிருந்தார்.

வருஷந்தோறும் அந்தப் படித்துறைகளிலிருந்து டன் கணக்கில் துணி அள்ளப்படுகிறது. "ஆற்றில் துணி விடாதீர்கள்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். போடுவதற்குத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். பலகையின் மேலேயே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்ததை நாம் பார்த்தோம். வந்த துணையிலிருந்த பெரியவர் ஒருவர் ஆசார அனுஷ்டானங்களில் கண்டிப்பானவர். அவரைக் கேட்டதற்கு, "ஸ்நானம் செய்யச் சொல்லியிருக்கிறது, தர்ப்பணம் செய்யச் சொல்லியிருக்கிறது. நதியில் எச்சிலையும் அழுக்கையும் போடக் கூடாது என்று தர்ம சாஸ்திரத்திலே இருக்கிறது. துணியை விடச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது" என்றார். ஆனால் அவரும் விட்டிருந்தார்!

பருத்தித் துணியாக இருந்த காலத்தில் இதனால் பெரிய கெடுதல் வந்திராது. பருத்தி ஒரு செடியின் பஞ்சு; ஈரத்திலும் மண்ணிலும் கிடந்தால் சில மாதங்களில் மக்கிப்போய்விடும். இப்போது நாம் உடுத்துவதில் பெரும் பகுதி மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன். பாலியெஸ்டர், நைலான் இரண்டும் பெட்ரோலிய வம்சத்தவை. அவை மக்குவதில்லை, நைந்து நைந்து கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிகின்றன. அந்த இழைகள் மீனின் வயிற்றுக்குள் போகலாம்; மணலில் தங்கலாம்; கடலுக்குப் போகலாம். இல்லாமற் போவது ஒன்றுதான் அவற்றால் முடியாத காரியம்.

நிற்க. வீடு திரும்பும் வழியில் அக்காளிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தோம். நம்மைவிடப் பத்து வயது மூத்தவள். தகப்பனாரிடம் அவளுக்கு இருந்த பக்தி நமக்கு இருந்ததில்லை. "அப்பாவுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் செய்யுததிலே கூடக் கணக்குப் பாக்கணுமா தம்பி? ஆறு ஓடிக்கிட்டேதான இருக்கு. அது பாட்டுக்குக் கொண்டுபோயிரும்" என்றாள். மேலே பேச நமக்குத் துணிவில்லை.

ஆறு கொண்டுபோகிறது என்பது வாஸ்தவம். எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் கேள்வி. தாமிரபருணி மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலப்பதற்குள் சுமார் 128 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. இந்தியாவின் பெரிய நதிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு வாய்க்கால். ஆனால் ஒரே ஜில்லாவில் பிறந்து, பழைய நெல்லைச் சீமையைத் தாண்டாமலே கடலில் சேருகிற இந்த ஆற்றில், பாபநாசத்தருகிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஏழு, பழைய அரசர்கள் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கட்டியது. ஒவ்வோர் அணையிலும் கால்வாய்கள் பிரிகின்றன. அம்பாசமுத்திரத்து நெல்லும், சேரன்மகாதேவி வாழையும், ஏரல் பக்கத்து வெற்றிலைக் கொடியும் இந்த ஜலத்தைத்தான் குடிக்கின்றன. ஆகவே, மேலே விடப்பட்ட துணி நேரே கடலுக்குப் பிரயாணம் செய்வதில்லை. வழியிலே எட்டு இடத்தில் தங்கி, மதகுகளை அடைத்துக்கொண்டு, வயலுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

குடிப்பது வயல் மட்டுமா? திருநெல்வேலி நகரத்தார் ஆற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து குடிக்கிறார்கள். வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குழாய் போகிறது. சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிறது. அருப்புக்கோட்டைக்காரர்கள் தாமிரபருணியின் கரையைப் பார்த்திராவிட்டாலும் அதன் ருசியை அறிவார்கள். கரிசல் காட்டிலே, குழாயில் ஜலம் வருகிற நாளை விரல் விட்டு எண்ணிக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. நம் அக்காள் வீட்டில் ஒரு காலத்தில் அந்த நாளுக்குத் தீபாவளியைவிட மதிப்பு அதிகம். குடம், அண்டா, தவலை, குழந்தை குளிக்கும் தொட்டி ஈறாக எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள்.

இந்த ஆற்றைச் சுத்தப்படுத்தக் கோரி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் நீதிபதிகள் இருவர் திருநெல்வேலிக்கே வந்து, ஊர்க் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களை நேரில் பார்வையிட்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்தபோது நமக்குப் பரம திருப்தி ஏற்பட்டது. "நன்றாகக் கேட்கட்டும்!" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னோம். அச்சமயம் சமையலறையிலிருந்து நம் வீட்டார், "நம்ம வீட்டு அங்கணத்துத் தண்ணி எங்கே போகுதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்கள்.

உண்மையாகவே நமக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டில், கழுவிக் கொட்டுகிற ஜலம் எந்தத் திக்கில் போகிறது என்பதை ஒரு நாளும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். வீட்டுப் பின்புறச் சாக்கடை தெருச் சாக்கடையில் விழுந்தது; தெருச் சாக்கடை ஒரு பெரிய ஓடையில் விழுந்தது; ஓடை, கால் மணி நேர நடையில், பாளையங்கால்வாயில் விழுந்தது. பழவூர் அணையில் தாமிரபருணியை விட்டுப் பிரிந்து, மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் ஊடுருவிக்கொண்டு, கீழேயுள்ள குளங்களையும் வயல்களையும் நிரப்பப் போகிற கால்வாய் அது. நாம் நின்ற இடத்தில் ஜலம் கறுப்பாக இருந்தது. மேலே அமலைச் செடி பச்சைப் பசேலென்று மண்டியிருந்தது. சோப்புத் தூளும் மலஜலமும் கொண்டுவருகிற உப்புச் சத்துக்கள் அந்தச் செடிக்குப் பால்சோறு. நாம் போடுகிற எருவில் அது செழிக்கிறது. அதன் நிழலில் ஜலத்துக்குள் காற்றும் வெளிச்சமும் புகாமல் மீன் மாள்கிறது. பாதாளச் சாக்கடைத் திட்டம் பல வருஷங்களாகக் கட்டம் கட்டமாக நடந்துவருகிறது. அது முடியட்டும், நல்லது. ஆனால் அது முடிகிற வரையில் நம் வீட்டு அங்கணம் சும்மா இருக்கப்போவதில்லையே!

அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒரு பரீட்சை நடத்தினோம். அங்கணத்தில் என்னென்ன கொட்டுகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதினோம். முதல் நாளே பக்கம் நிரம்பிவிட்டது. துணி துவைக்கும் தூள், பாத்திரம் தேய்க்கும் திரவம், தரை துடைக்கும் மருந்து, தலைக்கு ஷாம்பு, அப்பளம் பொரித்த எண்ணெய், காபிச் சக்கை. இவற்றில் முக்கால்வாசி, நம் பாட்டி உயிரோடிருந்த காலத்தில் வீட்டுக்குள் நுழையாத சாமான்கள்.

எதிர் வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு போய், அந்தக் காலத்தில் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டோம். பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும், பித்தளைக்குப் புளி, தலைக்குச் சீயக்காய், பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை, பிள்ளைகளுக்குப் பச்சைப்பயற்று மாவு. பிறகு ஆச்சி சொன்னாள்: "ஆத்துல குளிக்கப் போனா, முதல்ல கரையிலே நின்னு ஒரு செம்பு மொண்டு காலைக் கழுவிட்டுத்தான் இறங்குவோம். அழுக்குக் காலோட உள்ளே இறங்கினா எங்க அத்தை முதுகிலே ஒண்ணு வைப்பா. அங்கனதான நாளைக்குக் குடிக்கத் தண்ணி எடுக்கணும்!"

இதைக் கேட்டதும் பழங்காலத்துக்கே திரும்பிவிடுவது என்று உற்சாகத்துடன் முடிவு செய்தோம். அந்த முடிவு ஒன்றரை நாள் நிலைத்தது. வீட்டில் எரிவது காஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? வேலைக்குப் போகிற ஸ்திரீகள் விடியற்காலையில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிக்கொண்டிருக்க முடியுமா? "நீங்க வேணா கசக்குங்க" என்று உத்தரவாயிற்று. கசக்கினோம். மறு நாள் விரல் நோவு. ஆடவர்கள் பழைய ஆசாரங்களைப் புகழும்போது, அவற்றை யார் கையால் செய்தார்கள் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள் என்பதையும் அன்று கண்டோம்.

ஆகையால் நடக்கக்கூடியதைச் செய்தோம். துணித் தூளைப் பாதியாகக் குறைத்தோம். நுரை அதிகமானால் அழுக்கு அதிகமாகப் போகும் என்று நினைப்பது விளம்பரக்காரர்கள் நமக்குக் கற்பித்த மூடநம்பிக்கை. நம் வீட்டுக் குழாயில் வருகிற ஆற்று ஜலத்தில் சோப்பு சீக்கிரமே நுரைக்கும். ஊற வைத்தால் இன்னும் கொஞ்சம் போதும். முதல் வாரம் சட்டைக் காலரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோதித்தோம். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மாதம் ஒரு தூள் பொட்டலம் மிச்சமானதுதான் தெரிந்தது. சலவை இயந்திரத்தை அரைகுறையாக ஓட்டாமல், துணி நிறையச் சேர்ந்த பின்பே ஓட்டுகிறோம். 2016-இல் இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையில் சோதித்ததில், ஆறு கிலோ செயற்கைத் துணியை ஒரு தரம் துவைத்தால் அதிலிருந்து ஏழு லக்ஷம் இழைகள் வரையில் உதிரலாம் என்று கண்டார்கள். அக்ரிலிக் துணிதான் அந்தக் கணக்கில் மோசம். ஆக, பாபநாசத்தில் விட்டால்தான் என்றில்லை. வீட்டிலிருந்தபடியே தவணை முறையில் ஆற்றில் துணி விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அன்று முதல் புதுத் துணி வாங்கும்போது பருத்தியா என்று கேட்டு வாங்குகிறோம். கடைக்காரர், "இஸ்திரி போடணுமே ஸார்" என்று எச்சரிக்கிறார். அவர் சொல்வதும் நியாயந்தான். அந்தச் சங்கடத்துக்கு நாம் இன்னும் வழி காணவில்லை.

பொரித்த எண்ணெயை அங்கணத்தில் கொட்டுவதை அடியோடு நிறுத்தினோம். வாணலியைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால், பாதித் திரவத்துக்கு வேலை இல்லை. காய்கறித் தோலுக்கும் காபிச் சக்கைக்கும் இரண்டு மண் தொட்டிகள். காருகுறிச்சியில் வனைந்தவை என்று வண்டிக்காரர் சொன்னார். அந்த ஊர்ச் சூளைக்குப் பெயர் உண்டு. ஒரு பிடி தோல், ஒரு பிடி காய்ந்த சருகு, வாரத்துக்கொரு தரம் புளித்த மோர். இரண்டு மாதத்தில் கறுத்த மண்ணாகிவிடுகிறது. முதல் தொட்டியில் சருகு போட மறந்து புழு வைத்து நாறிப்போய், நம் வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்றுபோன சரித்திரத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இப்போது அந்த மண்ணில் கறிவேப்பிலை நிற்கிறது. ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது என்ற செய்தியைப் பலமுறை படித்து, யாரையோ திட்டியிருக்கிறோம். அந்தப் புகையில் நம் வீட்டு வாழைக்காய்த் தோலும் இருந்திருக்கும்.

பை விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. ஒரே தரம் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தார்கள். 2021 டிசம்பரில் மஞ்சள் பையை மீண்டும் கையில் எடுங்கள் என்று இயக்கமும் தொடங்கினார்கள். மஞ்சள் பை நமக்கென்ன புதிதா? கல்யாண வீட்டில் தாம்பூலத்துடன் கொடுத்த பைகள் ஒவ்வொரு வீட்டிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. இருந்து என்ன பயன்? அவை அலமாரியில் இருக்கும். நாம் மார்க்கெட்டில் இருப்போம். ஐந்து தரம் மறந்துபோய்த் தக்காளியை வேஷ்டி மடியில் கட்டிக்கொண்டு வந்த பிறகு, பைகளைச் செருப்பு வைக்கிற இடத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டினோம். அதற்குப் பிறகு மறக்கவில்லை. செருப்பில்லாமல் வெளியே போகிறவர்களுக்கு வேறு உபாயம் தேட வேண்டும். ஓட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி கொண்டுபோனால், ஆரம்பத்தில் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். பிறகு, வாளி பெரிதாயிருப்பதால் ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார்.

இந்தச் சீமையில் பொட்டலம் கட்டும் கலை அழிந்துபோய்விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பூக்காரி இன்னும் வாழைச் சருகில் மல்லிகையை மடித்துக் கொடுக்கிறாள். மறு நாள் காலை வரை வாடுவதில்லை. கருப்பட்டி பனையோலைக் கொட்டானில் வருகிறது. திருக்கார்த்திகையன்று பனங்குருத்துக்குள் மாவை வைத்து அவித்த ஓலைக் கொழுக்கட்டையின் மணத்தை வேறு எந்தப் பாத்திரத்தில் உண்டாக்க முடியும்? ஆனால் கல்யாணப் பந்திகளில் வாழை இலையைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் புட்டியில் ஜலம் வைக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் நமக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பாதி குடித்து, மீதியோடு எறிந்த அந்தப் புட்டிகள் எங்கே போயின என்று கேட்பவர் இல்லை.

பத்தமடைப் பாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றோரக் கோரையை அறுத்து, நீரில் ஊறப்போட்டு, மெல்லிய நாராகக் கீறிப் பத்தமடையிலே முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் நெய்கிற பட்டுப்பாய், துணியைப் போல மடிந்துகொள்ளும். 1953-இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு விழாவுக்கு அந்தப் பாயில் ஒன்று அனுப்பப்பட்டது. ராணிக்குப் பாய் அனுப்பிய ஊரில், நம்மவர்கள் படுப்பதற்குப் பிளாஸ்டிக் பாய் வாங்குகிறார்கள். அது மலிவு என்பது மெய். வெயிலில் கிடந்து நொறுங்கிப் பொடியாகும்போது அந்தப் பொடியைக் கூட்டிப் பெருக்கியவர்கள் அது எவ்வளவு மலிவு என்பதைச் சொல்லட்டும். கோரைப் பாய் கிழிந்தால் மண் தொட்டியில் நறுக்கிப் போட்டுவிடலாம். பட்டுப்பாய் வாங்கும் வசதி நமக்கில்லை. சாதாரணப் பத்தமடைப் பாய் இரண்டு வாங்கியிருக்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி ஜில்லாக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடிக்கொண்டு ஓடிற்று. ஜலம் வடிந்த பிறகு நாம் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆள் உயரத்துக்கு மேலே, கரையோர மரங்களின் கிளைகளில் எல்லாம் பிளாஸ்டிக் பைகளும், கிழிந்த புடவைகளும், சட்டைகளும் தோரணம் கட்டினாற்போல் தொங்கின. ஆற்றோடு போய்விட்டது என்று நாம் நினைத்ததையெல்லாம் ஆறு எடுத்து வைத்திருந்து, ஒரு நாள் கொண்டுவந்து காட்டிவிட்டது. ஒரு கருவேல மரத்தில் கரை போட்ட வேஷ்டி ஒன்று கிடந்தது. நம்முடையதாயிருக்காது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

இவ்வருஷத்து ஆடி அமாவாசை வந்தது. அக்காளும் வந்தாள். முதல் நாள் இரவு சாப்பாடு ஆனதும், மூடி போட்ட வாளி ஒன்றை நம் வீட்டார் எடுத்து வைத்ததைக் கண்டு, "இது எதுக்கு?" என்றாள். "ஈரத் துணியைப் போட்டுக்கிட்டு வர்றதுக்கு மதினி" என்று பதில் வந்தது. அக்காளின் முகம் மாறிவிட்டது. தகப்பனாரின் பெயரைச் சொல்லி அவள் கண் கலங்கியபோது, இந்த யுத்தத்தில் நமக்கு ஜயம் வேண்டாம் என்று விட்டுவிடத்தான் நினைத்தோம். வாளியை உள்ளே எடுத்துப் போகும்படி சைகைகூடக் காட்டினோம்.

அப்போது நம் கடைசிப் பெண், ஒன்பதாவது வகுப்பு வாசிப்பவள், பூகோளப் புஸ்தகத்தைப் புரட்டுகிற குரலில், "அத்தை, உங்க ஊர்த் தண்ணி சீவலப்பேரியிலே இருந்துதான வருது? சீவலப்பேரி பாபநாசத்துக்கு மேலேயா, கீழேயா?" என்று கேட்டாள்.

அக்காள் நெடுநேரம் பேசவில்லை. கோவில்பட்டியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த நாட்கள் அவள் மனத்தில் வந்தனவோ என்னவோ, நமக்குத் தெரியாது. பிறகு, "வாளியிலே மூடி சரியா நிக்குதான்னு பாருங்க. கார்லே ஒழுகிறப் போகுது" என்றாள்.

மறு நாள் காலையில் மூன்று முழுக்குப் போட்டோம். காலில் இம்முறையும் ஒரு துண்டு தட்டுப்பட்டது. எடுத்துக் கரையிலிருந்த தொட்டியில் போட்டோம். நம் துணிகள் வாளியில் ஏறிப் பாளையங்கோட்டை வந்து, துவைபட்டு, மொட்டை மாடிக் கொடியில் ஏறின. அக்காள் ஊருக்குப் போய்விட்டாள். முந்தாநாள் டெலிபோனில் பேசினாள். வேஷ்டி காய்ந்துவிட்டதா என்று விசாரித்தாள். காய்ந்துவிட்டது என்றோம். "யாராவது இல்லாதவங்களுக்குக் கொடுத்துரு. நீ மட்டும் அதைக் கட்டிக்கிடாதே" என்றாள். சரி என்றோம்.

அதைக் கட்டிக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தோம். அக்காள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.